மின்கோபுரமும் அடிமண்ணும்

மின்னல் விழுந்து ஊரில் விளக்குகள் அணைந்தால் மக்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பது இயல்பு. மின்சாரப் பொறியியலாரும் நெடுங்காலம் அவ்வாறே பார்த்தனர். மேகத்தில் சேரும் மின்னேற்றம் எவ்வளவு, மின்னலின் அழுத்தம் எவ்வளவு, அதைத் தாங்கக் கம்பிகளின் காப்புப் பீங்கான்களை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பனவே அவர்கள் ஆராய்ந்த வினாக்கள். ஆயினும், மின்னல் தாக்கிய கம்பித்தடம் தப்புவதும் தப்பாமற் போவதும் பெரும்பாலும் கோபுரத்தின் காலடியிலேயே முடிவாகின்றன. அங்குள்ள மண் மின்சாரத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளுமாயின் கம்பி பிழைக்கும். ஏற்க மறுக்குமாயின் விலையுயர்ந்த பீங்கான்களும் பயன்படமாட்டா.

இவ்வுண்மை தெளிவாவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. தெளிவான பின்னரும், மண்ணை ஒரே எண்ணால் அளந்துவிடலாம் என்னும் எண்ணம் நெடுநாள் நிலவியது. அதுவும் பொருந்தாது என்று காட்டியது அதற்குப் பிற்பட்ட வரலாறு.

மண் ஒரு கடத்தி

மின்னலுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை முதலில் பயன்படுத்தியவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின். அவர் வகுத்த முறைப்படி 1752 ஆம் ஆண்டு மே மாதம் பிரெஞ்சு நாட்டில் மார்லி என்னும் ஊரில் ஓர் இரும்புக் கோலை நட்டு, மேகத்திலிருந்து மின்சாரம் இறங்குவதைக் கண்டனர். கட்டடத்தின் உச்சியில் ஒரு கூரிய கோல், அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனை ஈர மண்ணுக்குள் என்பதே பிராங்கிளின் தந்த இடிதாங்கி. மூன்று உறுப்புகளில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாம் உறுப்பே மிகவும் இன்றியமையாதது. அடுத்த ஆண்டே இதற்கு ஒரு துயரமான சான்று கிடைத்தது. 1753 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மன் என்னும் பேராசிரியர், மேக மின்சாரத்தை அளப்பதற்காகத் தம் வீட்டில் ஒரு கோல் அமைத்திருந்தார். அளவிடும் பொருட்டு அக்கோலை அவர் மண்ணோடு இணைக்கவில்லை. மண்ணுக்குச் செல்ல வழியில்லாத மின்னல் கருவியை விட்டுத் தாவி அவரைத் தாக்கிக் கொன்றது.

மண் மின்சாரத்தைக் கடத்தும் என்பது தந்தியின் வளர்ச்சியால் உறுதிப்பட்டது. 1838 ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் ஸ்டைன்ஹைல், தந்திக்கு இரண்டு கம்பிகள் வேண்டுவதில்லை, ஒரு கம்பி போதும், மின்னோட்டம் மண் வழியே திரும்பி வரும் என்று கண்டார். அதுமுதல் தந்தி நிலையங்களில் செம்புத் தகடுகளை மண்ணில் புதைக்கும் வழக்கம் வந்தது. மக்கள் 'எர்த்' என்று வழங்கும் நிலத்தொடர்பின் தொடக்கம் இதுவே.

எல்லா மண்ணும் ஒன்று போல் கடத்துவதில்லை. ஈரக் களிமண்ணின் தன்மின்தடை சில பத்து ஓம்-மீட்டராக இருக்கும். உலர்ந்த மணலிலும் சரளையிலும் அது ஆயிரக் கணக்கில் உயரும். கருங்கற் பாறையில் பல்லாயிரமும் ஆகும். கடல்நீருக்கோ ஓர் ஓம்-மீட்டரில் கால் பங்கு அளவே உண்டு. மண்ணின் துகள் கடத்துவதில்லை. துகள்களுக்கிடையே உள்ள நீரும், அந்நீரில் கரைந்துள்ள உப்புகளுமே கடத்துகின்றன. ஆகவே ஒரே நிலம் மாரியில் ஒருவகையாகவும் கோடையில் வேறுவகையாகவும் நடந்துகொள்ளும். மருதமும் பாலையும் பயிருக்கு மட்டும் வேறுபட்டவை அல்ல, மின்சாரத்திற்கும் வேறுபட்டவையே.

இவ்வேறுபாட்டை நிலத்தைத் தோண்டாமலே அளக்கும் முறையை இருவர் தனித்தனியே வகுத்தனர். பிரெஞ்சு நாட்டுக் கான்ராட் ஸ்லம்பர்ஜர் 1912 முதல் நார்மண்டியில் கனிமங்களைத் தேடும் நோக்குடன் நிலத்தில் மின்னோட்டம் செலுத்தி ஆராய்ந்தார். அமெரிக்க அரசின் அளவைக் கழகத்தைச் சேர்ந்த பிராங்க் வென்னர் 1915-ல் தம் முறையை வெளியிட்டார். நான்கு சிறு கோல்களைச் சம இடைவெளியில் ஒரே வரிசையில் நடவேண்டும். வெளிக்கோல்கள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உட்கோல்கள் இரண்டுக்கும் இடையே உள்ள அழுத்தத்தை அளக்க வேண்டும். இடைவெளியை அகற்ற அகற்ற அளவு ஆழமான அடுக்குகளையும் காட்டும். இன்றும் கோபுரம் நடுமுன் நிலத்தைச் சோதிப்போர் கையாளுவது பெரும்பாலும் இந்த முறையே.

வானத்தை நோக்கிய காலம்

மண்ணை அளக்கும் கருவி கிடைத்தபோதும், மின்கம்பிகளை அமைத்தோர் மண்ணைப் பெரிதாக எண்ணவில்லை. அதற்குக் காரணம் அக்காலத்தில் செல்வாக்குடன் இருந்த ஒரு கொள்கை. மேகம் கம்பிக்கு மேலே வந்து நிற்கும்போது, அதன் மின்னேற்றம் கம்பியில் எதிர் மின்னேற்றத்தை ஈர்த்துப் பிடித்து வைக்கிறது. எங்கோ அருகில் மின்னல் விழுந்து மேகம் வெறுமையாகும் நொடியில், பிடிபட்டிருந்த மின்னேற்றம் விடுதலை பெற்றுக் கம்பியின் இரு புறமும் அலையாக ஓடுகிறது. இதுவே கம்பிகளில் தோன்றும் மின்னெழுச்சிக்குத் தலைமையான காரணம் என்று பலர் கருதினர். மின்னல் நேராகக் கம்பியில் விழுவது அரிது. விழுந்தால் அதைத் தடுக்க எவராலும் இயலாது என்பது அவர்கள் முடிவு. இக்கொள்கையின்படி கோபுரத்தின் அடிமண்ணுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை.

1920-களில் அமெரிக்காவில் இத்துறையின் ஆராய்ச்சி மிக விரைவாக நடந்தது. ஸ்கெனெக்டடி நகரில் ஸ்டைன்மெட்ஸ் 1922-ல் செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார். பீக் என்பவர் உயரழுத்தப் பொறிகளைக் கொண்டு பீங்கான்களின் தாங்குதிறனை அளந்தார். 1924-ல் பீட்டர்ஸ் அமைத்த கிளைடனோகிராப் என்னும் கருவி, கம்பியில் எழும் மின்னெழுச்சியை நிழற்படத் தகட்டில் பூப்போன்ற வடிவமாகப் பதித்தது. ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு அறிஞர்கள் களத்திற்குச் சென்றனர். பென்சில்வேனியா மாநிலத்தில் 1926-ல் அமைந்த வாலன்பாபக் – சீக்பிரீடு 220,000 வோல்ட் கம்பித்தடம் அவர்களுக்கு ஆராய்ச்சிக் களமாயிற்று. பின்னர், கோபுரக் கால்களில் சிறிய காந்தத் துண்டுகளைக் கட்டி வைத்து, மின்னல் விழுந்தபின் அவற்றில் எஞ்சிய காந்தத்தைக் கொண்டு ஓடிய மின்னோட்டத்தின் உச்சத்தைக் கணித்தனர். கருவிகள் பேசத் தொடங்கியதும் பழைய கொள்கை தளரலாயிற்று.

பார்ட்டெஸ்க்யூவின் மாற்றுக் கருத்து

1930-ல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியியலார் சார்லஸ் பார்ட்டெஸ்க்யூ, உயரழுத்தக் கம்பிகளின் இடையூறுகளுக்கு நேரடி மின்னலே முதற்காரணம் என்று எடுத்துரைத்தார். இவர் 1876-ல் கனடாவின் வடகோடியில், ஹட்சன் விரிகுடாவை ஒட்டிய யார்க் பாக்டரி என்னும் மென்மயிர் வாணிக நிலையத்தில் பிறந்தவர். மும்முனை மின்சாரக் கணக்குகளை எளிதாக்கும் சமச்சீர்க் கூறுகள் முறையை 1918-ல் உலகிற்குத் தந்தவரும் இவரே. இவருடைய வாதம் எளிமையானது. அருகில் விழும் மின்னல் கம்பியில் தூண்டும் அழுத்தம் பொதுவாகச் சில நூறாயிரம் வோல்ட் அளவோடு நின்றுவிடும். 220,000 வோல்ட் கம்பியின் பீங்கான் தொடர்கள் அதைத் தாங்கிவிடும். ஆனால் அக்கம்பிகளும் இடிமழையில் இடையூறுற்றன. ஆகவே அவற்றைத் தாக்கியது நேரடி மின்னலாகவே இருத்தல் வேண்டும்.

இக்கருத்து ஏற்கப்பட்டதும் காப்பு முறை முழுவதும் மாறியது. கோபுரங்களின் உச்சியில், மின்கம்பிகளுக்கு மேலே, காவற் கம்பி ஒன்றோ இரண்டோ கட்டும் பழக்கம் முன்பே சிலரிடம் இருந்தது. பயனில்லை என்று கருதி அதைக் கைவிட்டோரும் உண்டு. இப்போது அதன் வேலை தெளிவாயிற்று. மின்னலைத் தான் ஏற்று, கோபுரத்தின் வழியே மண்ணுக்கு இறக்குவதே அதன் கடமை. அக்கடமையை நிறைவேற்றக் காவற் கம்பி மட்டும் போதாது. கீழே மண் இடங்கொடுக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். சுவிட்சர்லாந்தில் லுகானோவுக்கு அருகிலுள்ள சான் சல்வதோர் மலையுச்சியில் கார்ல் பெர்கர் 1943 முதல் பல்லாண்டு மின்னலை அளந்தார். கீழ்நோக்கி வரும் எதிர்மின் மின்னல்களின் முதல் வீச்சில் நடுவளவான உச்ச மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் என்பது அவ்வளவீடுகளால் நிலைபெற்றது. அத்தகைய மின்னல் ஒரு கோபுரத்தில் விழுவதாகக் கொள்ளலாம். கோபுர அடியின் மின்தடை 10 ஓமாயின், கோபுரத்தின் அழுத்தம் ஏறத்தாழ 3 இலட்சம் வோல்ட் உயரும். அடியின் மின்தடை 100 ஓமாயின், காவற் கம்பிகள் இரு புறமும் ஒரு பங்கைக் கொண்டு சென்றாலும், அழுத்தம் ஏறத்தாழ 20 இலட்சம் வோல்ட் அளவுக்கு ஏறும். 132,000 வோல்ட் கம்பியின் காப்பு பொதுவாக 650,000 வோல்ட் மின்னெழுச்சியைத் தாங்குமாறு அமைக்கப்படுகிறது. முதற் கோபுரம் பிழைக்கும், இரண்டாவது பிழைக்காது. மின்னல் ஒன்றே, பீங்கானும் ஒன்றே. மண்தான் வேறு.

இரண்டாம் கோபுரத்தில் நிகழ்வது விந்தையானது. வழக்கமாக உயர்ந்த அழுத்தம் கம்பியில் இருக்கும். கோபுரம் மண்ணோடு ஒத்து நிற்கும். மின்னல் விழுந்த நொடியில் கோபுரம் கம்பியைவிடப் பன்மடங்கு உயர்ந்த அழுத்தம் பெற்றுவிடுகிறது. மின்பொறி கோபுரத்திலிருந்து கம்பிக்குப் பின்னோக்கிப் பாய்கிறது. பொறியியலார் இதனைப் பின்தாவல் என்பர். பொறி பாய்ந்த வழியில் காற்று கடத்தியாகிவிடுவதால், கம்பியின் சொந்த மின்சாரமும் அவ்வழியே மண்ணுக்கு ஓடத் தொடங்கும். அதை நிறுத்த நிலையத்தில் உள்ள விசை தானே திறந்துகொள்ளும். ஊரில் விளக்கு அணைவது அப்போதுதான்.

அடுத்த கோபுரம் உதவாதது ஏன்?

ஒரு கோபுரத்தின் அடிமண் தீயதாயினும், காவற் கம்பியால் இணைந்த பக்கத்துக் கோபுரங்களின் நல்ல மண் உதவாதா என்னும் வினா எழலாம். சாதாரண மின்னோட்டத்திற்கு அது உதவும். மின்னலுக்கோ காலம் போதாது. கம்பியில் மின்னலை நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோ நொடியில் ஏறத்தாழ 300 மீட்டர் ஓடும். 30 மீட்டர் உயரக் கோபுரத்தில் இறங்க அதற்கு ஒரு மைக்ரோ நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பக்கத்துக் கோபுரம் 300 மீட்டர் தொலைவில் இருந்தால், அலை அங்கே சென்று, அங்குள்ள மண்ணின் உதவியைத் தாங்கி மீண்டு வர இரண்டு மைக்ரோ நொடிகள் ஆகும். அதற்குள் அழுத்தம் உச்சத்தை எட்டிப் பீங்கானைத் தாண்டிப் பாய்ந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு கோபுரமும் தன் சொந்த மண்ணையே நம்பி நிற்கிறது. நூறு கோபுரங்கள் வயலில் நின்று, பத்துக் கோபுரங்கள் மட்டும் பாறைக் குன்றில் நின்றாலும், அப்பத்தின் குறையே முழுத் தடத்தின் பெயரைக் கெடுக்கும்.

புதைகம்பி

குன்றின் மேல் உள்ள கோபுரத்திற்கு என்ன செய்வது? நீண்ட கோல்களை ஆழமாக இறக்குவது ஒரு வழி. பாறையில் அது இயலாது. எனவே கோபுரக் கால்களிலிருந்து கம்பிகளை நிலத்தில் ஆழமின்றிக் கிடையாகப் புதைத்து நீட்டும் முறை வந்தது. இதன் இயல்பைக் கணக்காலும் சோதனையாலும் விளக்கியவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பெவ்லி. அவருடைய ஆராய்ச்சி 1934-ல் வெளிவந்தது.

புதைகம்பியில் மின்னலை மேற்கம்பியில் ஓடும் விரைவோடு ஓடுவதில்லை. மண் அதனைத் தடுத்து, விரைவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அலை புகுந்த முதற்கணத்தில் புதைகம்பி ஏறத்தாழ 150 ஓம் எதிர்ப்பைக் காட்டுகிறது. அலை நீள நீளக் கம்பியின் உடல் முழுவதிலிருந்தும் மண்ணுக்குள் மின்னோட்டம் கசிந்து, எதிர்ப்பு படிப்படியாகத் தாழ்கிறது. ஆகவே 300 மீட்டர் நீளக் கம்பி ஒன்று முழுப்பயன் தருவதற்கு மூன்று மைக்ரோ நொடிகள் வேண்டும். அதே கம்பியை 75 மீட்டர் கொண்ட நான்கு துண்டுகளாக வெட்டி நான்கு திசையிலும் புதைத்தால், முதற்கண எதிர்ப்பு 38 ஓம் அளவுக்கு இறங்கும். முழுப்பயனும் ஒரு மைக்ரோ நொடிக்குள் கிடைக்கும். செம்பின் செலவு இரண்டிற்கும் ஒன்றே.

இக்கருத்துக்கு அக்காலத்தில் பெரிய களமாக அமைந்தது 1936-ல் மின்சாரம் அனுப்பத் தொடங்கிய போல்டர் அணை – லாஸ் ஏஞ்சலஸ் கம்பித்தடம். அழுத்தம் 287,500 வோல்ட். நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல். வழியில் பெரும்பகுதி பாலைவனம். அவ்வுலர்ந்த நிலத்தில் கோபுரங்களுக்கு மேலே காவற் கம்பிகளும் கீழே புதைகம்பிகளும் அமைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது அரிசோனா பாலைவனத்தில் படைக்கலக் கிடங்குகளுக்கு இடிதாங்கி அமைக்கச் சென்ற ஹெர்பர்ட் யூபர் வேறொரு வழி கண்டார். கான்கிரீட் அடித்தளத்துக்குள்ளேயே இரும்புக் கோல்களைப் பதித்து நிலத்தொடர்பாகப் பயன்படுத்தினார். கான்கிரீட் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால், வறண்ட நிலத்திலும் அது நன்கு உதவியது. உப்பும் கரியும் கொட்டி மண்ணைப் பதப்படுத்தும் பழைய வழக்கம் இவ்வளவு நிலையானதன்று. மழை உப்பைக் கரைத்துக் கொண்டுபோகும். எஞ்சிய உப்பு இரும்பை அரிக்கும்.

மின்னலின் கீழ் உடையும் மண்

இதுவரை மண் ஒரு நிலையான மின்தடையாகவே கருதப்பட்டது. அக்கருத்தை முதலில் அசைத்தவர் டவுன் என்பவர். 1928-ல் அவர் நிலத்தில் அறைந்த கோல்களில் மின்னலைப் போன்ற பேரோட்டத்தைச் செலுத்திப் பார்த்தபோது, சிறிய ஓட்டத்தில் அளந்ததைவிடக் குறைந்த மின்தடையே கிடைத்தது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பெல்லாஸ்கி 1941-லும் அடுத்த ஆண்டிலும் வெளியிட்ட விரிவான சோதனைகள் இதனை உறுதிப்படுத்தின.

காரணம் மண்ணுக்குள் நிகழும் சிறு மின்னல்களே. கோலின் அருகில் மின்னோட்டம் நெருங்கிச் செல்வதால் மின்புலம் மிகக் கடுமையாகிறது. மீட்டருக்கு ஏறத்தாழ 300,000 முதல் 400,000 வோல்ட் வரை எட்டியதும், மண் துகள்களுக்கிடையே உள்ள காற்று அயனியாகிப் பொறிகள் ஓடுகின்றன. அப்போது கோலைச் சுற்றிய மண் தன் எதிர்ப்பை இழக்கிறது. கோல் தானே பருத்துவிட்டது போன்ற பயன் விளைகிறது. சோவியத் நாட்டின் கோர்சுந்செவ் 1958-ல் இந்நிகழ்ச்சியைப் பொதுவான ஒப்புமை விதியில் அடக்க முயன்றார். உலக மின்பொறியியலாரின் பேரவையான சிக்ரே 1991-ல் வெளியிட்ட வழிகாட்டி நூல் ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தது. அதன்படி, 1,000 ஓம்-மீட்டர் மண்ணில் 50 ஓம் மின்தடையுள்ள கோபுர அடி, 30,000 ஆம்பியர் மின்னலின்போது ஏறத்தாழ 34 ஓம் அளவுக்கு இறங்கும்.

மண் உடைவதற்கும் மீண்டும் தேறுவதற்கும் காலம் வேண்டும். அக்காலத்தையும் கணக்கில் சேர்த்து ஒரு முறையை 1974-ல் வகுத்தவர்கள் லியூ ஆ சோய், டார்வெனிசா ஆகிய இருவர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக் கழகத்தில் பிறந்தது அந்த ஆராய்ச்சி. லியூ பிற்காலத்தில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். கோபுர மண்ணைப் பற்றிய ஆராய்ச்சி நூல்களில் இவ்விருவர் பெயரும் இன்றும் தவறாமல் இடம்பெறுகின்றன.

இந்நன்மை எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதன்று. மின்னோட்டம் ஓரிடத்தில் குவியும் சிறிய கோல்களுக்கே அது மிகுதி. பரந்து கிடக்கும் நீண்ட புதைகம்பியில் மின்னோட்டம் பரவிவிடுவதால் மண் உடைவது குறைவு. ஆகவே மின்னலே மண்ணைத் திருத்திக்கொள்ளும் என்று கோபுர அடியைக் கவனியாமல் விடுவது அறிவுடைமையாகாது.

விரைவால் மாறும் மண்

மண்ணுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்துவதோடு, ஒரு மின்தேக்கியைப் போல் மின்னேற்றத்தைச் சிறிது தேக்கியும் வைக்கும். இத்தேக்கும் இயல்பை விடுதிறன் என்பர். நொடிக்கு 50 முறை மாறும் வீட்டு மின்சாரத்திற்கு விடுதிறன் ஒரு பொருட்டன்று. மைக்ரோ நொடிகளில் எழுந்து விழும் மின்னலுக்கு அது பொருட்டாகும்.

வானொலி பரவிய காலத்தில் இதனை ஆராயும் தேவை எழுந்தது. இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஸ்மித்-ரோஸ் 1933-ல் பலவகை மண்களை வானொலி அதிர்வெண்களில் அளந்தார். அதிர்வெண் உயர உயர மண்ணின் கடத்தும் திறன் கூடுவதையும் விடுதிறன் குறைவதையும் அவர் கண்டார். 1926-ல் அமெரிக்காவில் கார்சனும் ஐரோப்பாவில் பொல்லாசெக்கும் மண்ணின் குறையால் கம்பியலைகள் எவ்வாறு தேய்கின்றன என்பதற்குக் கணிதம் வகுத்திருந்தனர். பெல் ஆராய்ச்சிக் கூடத்தின் சுண்டே 1949-ல் இத்துறை முழுவதையும் ஒரு நூலாகத் தொகுத்தார். ஆயினும் கோபுரம் அமைப்போர், சிறிய கைக்கருவியால் குறைந்த அதிர்வெண்ணில் அளந்த ஒரே எண்ணையே மின்னலுக்கும் பயன்படுத்தி வந்தனர். வானொலிக்காரர் அறிந்த உண்மை மின்கோபுரக்காரரின் வழக்கத்தில் இடம்பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

அதனை வற்புறுத்தியவர்களுள் பிரேசில் நாட்டினர் முதன்மையானவர். மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் மலைநிலத்தில் ஆயிரக் கணக்கான ஓம்-மீட்டர் கொண்ட மண் பரவலாக உள்ளது, மின்னலும் மிகுதி. பெலோ ஹொரிசோந்தே நகரில் விசாக்ரோவும் அலிப்பியோவும் மண்ணை எடுத்துச் சென்று ஆராய்ச்சிக் கூடத்தில் அளவிடாமல், நிலத்திலேயே கோல் நட்டு, 100 முதல் 40 இலட்சம் ஹெர்ட்ஸ் வரை அளந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டனர். மின்தடை மிகுந்த மண்ணில், மின்னலின் அதிர்வெண்களில் தன்மின்தடை வெகுவாகக் குறைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. நல்ல களிமண்ணில் இம்மாற்றம் மிகச் சிறிது. சிக்ரே பேரவை 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், பல நூறு ஓம்-மீட்டருக்கு மேற்பட்ட மண்ணில் கோபுரம் அமைப்போர் இதனைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்னும் கருத்து இடம்பெற்றது.

தாழ்ந்த அழுத்தக் கம்பிகளின் கதை சற்று வேறானது. தெருவோரக் கம்பங்களில் ஓடும் கம்பிகளுக்குக் காப்பு குறைவு. ஆகவே அருகில் விழும் மின்னல் தூண்டும் எழுச்சியும் அவற்றைத் தாக்கும். சுவீடன் நாட்டு ரஸ்க் 1958-ல் மண்ணை முழுமையான கடத்தியாகக் கொண்டு அதற்குக் கணக்கு வகுத்தார். மண் முழுமையான கடத்தியன்று. ஆதலால் நிலத்தின் மேல் ஒரு கிடைநிலை மின்புலம் தோன்றிக் கம்பியின் எழுச்சியை மாற்றுகிறது. இதனை எளிதில் கணக்கிடும் வழியை 1990-களில் தந்தவர்களுள் ஒருவர், இலங்கையிலிருந்து சென்று சுவீடனின் உப்சாலாப் பல்கலைக் கழகத்தில் ஆராய்ந்த வெர்னன் கூரே. இன்று அவ்வாய்பாடு கூரே – ரூபின்ஸ்டைன் பெயரால் வழங்குகிறது.

மலேசிய மண்ணில்

இடிமுழக்கம் மிகுந்த உலகப் பகுதிகளுள் மலேசியத் தீபகற்பமும் சிங்கப்பூரும் அடங்கும். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாட்களும், சிங்கப்பூரில் 150-க்கு மேற்பட்ட நாட்களும் இடி கேட்கும். சிங்கப்பூர் தன் மின்சாரத்தைப் பெரும்பாலும் நிலத்தடிக் கேபிள்களில் கொண்டு செல்வதால், மேற்கம்பிகளின் துன்பத்திலிருந்து விலகி நிற்கிறது. மலேசியாவுக்கு அது இயலாது. பேராக் ஆற்றில் 1930-ல் அமைந்த செண்டரோ நீர்மின் நிலையம் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தந்தது. அன்று முதல் நீர்மின்சாரத்தை உண்டாக்கும் இடம் ஒருபுறமும் பயன்படுத்தும் இடம் மறுபுறமுமாகவே இருந்து வருகின்றன. இன்று 132,000, 275,000, 500,000 வோல்ட் கம்பிகள் கடற்கரைச் சேற்றுநிலத்தையும் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லையும் ஒருசேரக் கடக்கின்றன.

கடலோரக் களிமண்ணில் 10 ஓமுக்குக் குறைந்த கோபுர அடியைப் பெறுவது எளிது. மலைமேல் நிலைமை வேறு. மழை மிகுந்த நாடாதலால் மேல்மண் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். கருங்கல் மக்கி உண்டான செம்மண் பல மீட்டர் ஆழம் படிந்திருக்கும். அதன் கீழே பாறை. மேலே அளந்தவர் நிறைவடைவார். ஆழமாக அளந்தவர் கவலையடைவார். வென்னர் கோல்களின் இடைவெளியை அகற்றி அளக்கச் சொன்னதன் பயன் இங்கேதான் விளங்கும். அளந்து பார்த்து மண் இடங்கொடாது எனத் தெரிந்த கோபுரங்களில், புதைகம்பியோடு நில்லாமல், பீங்கான் தொடருக்கு இணையாக மின்னெழுச்சிக் காப்பான்களைத் தொங்கவிடும் வழக்கமும் இக்காலத்தில் பரவியுள்ளது. மின்னெழுச்சி எழும்போது மட்டும் வழிவிட்டு, பின்னர் உடனே அடைத்துக்கொள்ளும் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் அவற்றினுள் உள்ளன. எல்லாக் கோபுரத்திலும் அவற்றை மாட்டப் பணம் போதாது. எந்தக் கோபுரத்தில் மாட்டுவது என்று முடிவு செய்வதற்கும் மண்ணின் அளவே வேண்டும்.

உயிர்க் காப்பும் இதில் அடங்கும். மின்னலை ஏற்ற கோபுரத்தின் அருகில் மண்ணின் அழுத்தம் அடிக்கு அடி வேறுபடும். முன்காலும் பின்காலும் அகன்று நிற்கும் மாடுகள், மின்னல் தம்மைத் தொடாமலே இறந்து விழுவது இவ்வேறுபாட்டால்தான். இடிமழையில் மரத்தடியையும் கோபுரத்தடியையும் விட்டு அகலுமாறு மாணவர்க்குச் சொல்லும் அறிவுரைக்குப் பின்னால், மேலே விழும் மின்னலோடு காலடி மண்ணின் இவ்வியல்பும் நிற்கிறது.

இவ்வரலாற்றில் வென்னரின் நான்கு கோல்கள் தொடங்கி விசாக்ரோவின் கள அளவீடு வரை ஒரே பாடம் தொடர்கிறது. மண்ணைப் பற்றிய ஒவ்வொரு திருத்தமும், எளிமைக்காகச் செய்துகொண்ட ஓர் ஊகத்தை நிலத்தில் சோதித்துப் பார்த்ததால் வந்தது. மண் எங்கும் ஒன்றே என்றனர், அளவு மறுத்தது. மண் எப்போதும் ஒன்றே என்றனர், பேரோட்டம் மறுத்தது. எந்த விரைவிற்கும் ஒன்றே என்றனர், அதிர்வெண் மறுத்தது. இன்று கணிப்பொறிகள் ஆயிரம் மின்னல்களை நொடிப்பொழுதில் கணக்கிட்டுக் காட்டும். அக்கணக்கில் இடவேண்டிய மண்ணின் எண்ணையோ, ஒருவர் மலையேறிச் சென்று, ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் கோல் நட்டே கொண்டுவர வேண்டும்.